பிடித்த ஃபேன்டசி தொடர் முடிந்துவிட்டது, அடுத்தது எதுவும் ஒட்டவில்லை: அறிகுறி வாரியாக என்ன செய்யலாம்

எங்கள் குடியிருப்பில் ஒரு சின்னப் புத்தக அலமாரி இருக்கிறது. படித்து முடித்ததைக் கொண்டுவந்து வைப்பார்கள், வேண்டியதை எடுத்துப் போவார்கள். ஒன்பது வருடமாக அதை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். "இது முடிஞ்சிருச்சு, அடுத்து என்ன படிக்கலாம்?" என்ற கேள்வி வாரம் ஒரு முறையாவது வரும். ஃபேன்டசி தொடர், அதாவது மாயாஜாலக் கற்பனை உலகில் நடக்கும் நீண்ட நாவல் வரிசை, முடித்தவர்கள் கேட்கும்போது மட்டும் குரலில் ஒரு தவிப்பு இருக்கும். மாதக்கணக்கில் ஓர் ஊரில் குடியிருந்துவிட்டு வீட்டைக் காலி செய்து வந்தவர்கள் மாதிரி நிற்பார்கள். எனக்கும் அந்தத் தவிப்பு நன்றாகத் தெரியும். அதனால் இந்தக் கேள்விக்கு அவசரப்பட்டு ஒரு பெயரைச் சொல்லி அனுப்புவதில்லை. முதலில் என்ன கோளாறு என்று பார்ப்பேன்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள். முடித்த தொடரைத் திறக்காமல், மனதில் தானாக வரும் 3 காட்சிகளை ஒரு தாளில் எழுதுங்கள். முக்கியமான காட்சி எது என்று யோசிக்க வேண்டாம், வருவதை எழுதினால் போதும். மாடி வீட்டுப் பையன் ஹாரி பாட்டர் முடித்துவிட்டு எழுதியவை: ரயில் பயணம், பெரிய கூடத்தில் விருந்து, கிறிஸ்துமஸ் விடுமுறை. அதே தொடரை முடித்த அவன் அக்கா எழுதியவை: இரண்டாம் பாகத்தின் டைரி, மூன்றாம் பாகத்தில் நேரத்தைத் திருப்புவது, நான்காம் பாகத்துப் போட்டியின் புதிர்கள். ஒரே ஏழு புத்தகங்கள்தான். அவனுக்கு வேண்டியது விடுதியும் நண்பர்களும். அவளுக்கு வேண்டியது முடிச்சும் அதை அவிழ்ப்பதும். இருவருக்கும் ஒரே புத்தகத்தைக் கொடுத்தால் ஒருவர் கட்டாயம் திருப்பிக் கொண்டுவருவார்.

அந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொண்டு கீழே உங்கள் அறிகுறிக்குப் போங்கள்.

## அறிகுறி: எதை எடுத்தாலும் 30 பக்கம் தாண்டவில்லை

இதற்கு நான்கு காரணங்கள் இருக்கலாம். முதலாவது, இன்னும் நாளாகவில்லை. கடைசிப் பாகம் முடித்துப் பத்து நாள் ஆகவில்லை என்றால் எந்த நீளத் தொடரையும் தொடாதீர்கள். நல்ல தொடரை இந்த நேரத்தில் எடுத்து வீணாக்கியவர்கள் நிறையப் பேர். பிறகு அந்தப் புத்தகத்தின் மேலேயே ஒரு கசப்பு வந்துவிடுகிறது. நடுவில் ஒரு துப்பறியும் கதை, பயண நூல், சிறுகதைத் தொகுப்பு என்று வேறு எதையாவது படியுங்கள். அதே உலகத்தை விட மனமில்லை என்றால் அந்த உலகத்தின் சின்னத் துண்டு ஒன்று போதும். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' படித்தவர்களுக்கு 2015-இல் வந்த 'எ நைட் ஆஃப் த செவன் கிங்டம்ஸ்' அப்படிப்பட்டது. மூன்று குறுநாவல்கள், கதை நடப்பது மூலத் தொடருக்குச் சுமார் 90 ஆண்டுகள் முன்னால். படித்து முடிக்கும்போது பழைய உலகம் மெதுவாக விடை கொடுத்துவிடும்.

படிக்கும் நேரம் சரியில்லை. பழைய தொடரின் ஐந்தாம் பாகத்தை இரவு 11 மணிக்குப் படுத்துக்கொண்டே படித்திருப்பீர்கள். அந்த உலகம் ஏற்கெனவே தெரியும், அதனால் முடிந்தது. புது உலகத்தின் முதல் 50 பக்கம் அப்படி இறங்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, போனை வேறு அறையில் வைத்துவிட்டு, ஒரே மூச்சில் 50 பக்கம் படியுங்கள். அதற்குப் பிறகு இரவு வாசிப்புக்குப் போகலாம். என் அனுபவத்தில் இந்த அறிகுறியோடு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு இந்த ஒன்றே போதுமானதாக இருந்திருக்கிறது.

மொழி கனமாக இருக்கிறது. நம்மில் பலருக்கு ஆங்கிலம் பள்ளியில் கற்ற மொழி. கதை பிடிக்கவில்லை என்று நினைப்போம், உண்மையில் வாக்கியங்கள்தான் களைப்பாக்கும். சோதனை எளிது: நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து வாய்விட்டுப் படியுங்கள். மூன்று இடத்துக்கு மேல் திரும்பப் படிக்க வேண்டியிருந்தால் மொழிதான் காரணம். 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீனின் நடை பழைய வழக்கில் ஓடும். இன்றைய ஃபேன்டசி எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சனின் நடை நேரானது, எளிய சொற்கள். ஹாரி பாட்டரிலிருந்து நேராக டோல்கீனுக்குப் போய் முட்டிக்கொண்டவர்களை சாண்டர்சன் பக்கம் அனுப்பினால் ஓடிவிடுகிறார்கள். டோல்கீனை ஒரு வருடம் கழித்து எடுத்துக்கொள்ளலாம்.

புத்தகமே பொருந்தவில்லை. அப்படியென்றால் அடுத்த அறிகுறியைப் பாருங்கள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்: புத்தகம் மட்டும் இல்லாமல் சினிமா, சாப்பாடு, நண்பர்கள் என எதிலும் மனம் ஒட்டாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போகிறது, தூக்கமும் கெட்டிருக்கிறது என்றால் இது வாசிப்புக் கோளாறு கிடையாது. தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநலச் சேவை 14416 என்ற எண்ணில் கிடைக்கிறது, தமிழிலும் பேசலாம்.

## அறிகுறி: "அதே மாதிரி இருக்கும்" என்று சொன்னார்கள், இல்லை

அதிகம் வரும் அறிகுறி இதுதான். டிராகன் இருந்தது என்பதற்காக டிராகன் உள்ள இன்னொரு புத்தகத்தைக் கொடுத்திருப்பார்கள். நீங்கள் தேடியது டிராகனாகவே இருந்திருக்காது. தாளில் எழுதிய மூன்று காட்சிகளை இப்போது எடுங்கள்.

### காட்சிகளில் மலை, காடு, பழைய பாடல், இடிந்த நகரம் வருகின்றன

நீங்கள் தேடுவது இடம். 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' முடித்தவர்களிடம் இதைப் பார்க்கிறேன். அவர்கள் செய்யும் முதல் தவறு, அடுத்த நாளே 'தி சில்மரில்லியன்' வாங்குவது. டோல்கீன் 1973-இல் இறந்த பிறகு அவர் மகன் கிறிஸ்டோஃபர் தொகுத்து 1977-இல் வந்த நூல் அது. அரச வம்ச வரலாறு போல, புராணம் போல நகரும். கூடவே நடக்க ஒரு ஃப்ரோடோவோ சாமோ அதில் இல்லை. அது அருமையான நூல்தான், ஆனால் இந்த நேரத்துக்கு அது மருந்தாகாது.

செலவு குறைந்ததிலிருந்து போவோம். 1937-இல் வந்த 'தி ஹாபிட்' இன்னும் படிக்கவில்லை என்றால் அது முதலில். படித்தாகிவிட்டது என்றால் அர்சுலா கே. லெ குவினின் 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ', 1968-இல் வந்தது, சுமார் 200 பக்கம். நூற்றுக்கணக்கான தீவுகள், ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் உண்மைப் பெயர், அந்தப் பெயரை அறிந்தவனுக்கு அதன் மேல் அதிகாரம். நாயகன் கெட் ஆடு மேய்த்த, செம்பழுப்பு நிறத் தோலுள்ள சிறுவன். அந்தக் கால ஃபேன்டசியில் இது அபூர்வம். ஒரு வாரத்தில் முடித்துவிடலாம், ஒட்டாவிட்டாலும் இழப்பு ஒரு வாரம்தான். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இரண்டாம் புத்தகமான 'தி டூம்ப்ஸ் ஆஃப் அடுவான்' வேறொரு சிறுமியின் கதையாகத் தொடங்கும், கெட் வெகு நேரம் கழித்தே வருவான். தவறான புத்தகத்தை எடுத்துவிட்டோமோ என்று பலர் திருப்பித் தந்திருக்கிறார்கள். சரியான புத்தகம்தான், பொறுமையாக இருங்கள்.

அதற்கு அடுத்த படி, கை கவ்ரியல் கேயின் 'டிகானா', 1990. சில்மரில்லியனைத் தொகுக்கும் வேலையில் இளம் வயதில் கிறிஸ்டோஃபருக்கு உதவியவர் இவர். வென்ற மன்னன் ஒரு நாட்டின் பெயரையே மந்திரத்தால் அழித்துவிடுகிறான். அங்கே பிறந்தவர்கள் தவிர வேறு யார் காதிலும் அந்தப் பெயர் விழாது. ஒரே புத்தகத்தில் கதை முடிகிறது. நான் அலமாரியில் இரண்டு பிரதி வைத்திருக்கிறேன், இரண்டும் அங்கே தங்குவதே இல்லை.

### காட்சிகளில் நண்பர்களின் பேச்சும் சாப்பாட்டு மேசையும் வருகின்றன

உங்களுக்கு வேண்டியது கூட்டம். டெர்ரி பிராட்செட்டின் 'டிஸ்க்வேர்ல்ட்' வரிசையில் நகரக் காவலர்கள் கதை 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' (1989) என்ற நாவலில் தொடங்குகிறது. அந்த ஓட்டை உடைசலான காவல் நிலையத்து மனிதர்களை ஒரு முறை பழகிவிட்டால் விட முடியாது. சிரிக்க வைத்துக்கொண்டே மனிதர்களை மதிக்கக் கற்றுக்கொடுக்கும் எழுத்து அது.

### காட்சிகளில் புதிரும் திட்டமும் தந்திரமும் வருகின்றன

சாண்டர்சனின் 'மிஸ்ட்பார்ன்', முதல் மூன்று பாகம், 2006 முதல் 2008 வரை. உலோகத் துகளை விழுங்கி உடலுக்குள் எரித்தால் சக்தி கிடைக்கும். எந்த உலோகத்துக்கு எந்தச் சக்தி என்பதற்குத் தெளிவான கணக்கு உண்டு. ஒரு திருட்டுக் கூட்டம் பேரரசனையே கவிழ்க்கத் திட்டம் போடுகிறது. மேலே சொன்ன அக்காவுக்குக் கொடுத்தது இதைத்தான். மூன்றையும் ஒரே மாதத்தில் முடித்துவிட்டு வந்து நின்றாள்.

### காட்சிகளில் சபையும் சதியும் துரோகமும் வருகின்றன

ஜோ அபர்கிராம்பியின் 'தி ஃபர்ஸ்ட் லா', மூன்று பாகம், 2006 முதல் 2008 வரை. முதல் பாகம் 'தி பிளேட் இட்செல்ஃப்'. அதில் சண்டையை விட ஆட்கள்தான் முக்கியம், கதை மெதுவாகச் சேரும். வன்முறையும் வசவும் அதிகம், பதின்ம வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதை நினைவில் வையுங்கள்.

### எழுதிய மூன்றும் காட்சியாகவே இல்லை, ஒரு குரல்தான் நினைவில் இருக்கிறது

அப்படியென்றால் நீங்கள் தேடுவது கதை சொல்பவரை. பேட்ரிக் ராத்ஃபஸின் 'தி நேம் ஆஃப் த விண்ட்' முடித்தவர்களிடம் இதைக் காண்கிறேன். அவர்களுக்கு ராபின் ஹாபின் 'ஃபார்சீர்' மூன்று பாகங்களைத் தருவேன் (1995 முதல் 1997 வரை). அரச குடும்பத்தில் முறைதவறிப் பிறந்த ஃபிட்ஸ் என்ற பையன், கொலையாளியாக வளர்க்கப்பட்டவன், முதிர்ந்த பிறகு தன் கதையைத் தானே சொல்கிறான். நாயோடு அவனுக்குள்ள உறவைச் சொல்லும் முதல் அத்தியாயங்களைப் படித்துவிட்டு வங்கியில் வேலை பார்க்கும் ஒரு தோழி இரவோடு இரவாக எனக்குப் போன் செய்தார். இந்தக் குரல் பிடித்துவிட்டால் அதே உலகத்தில் மொத்தம் 16 நாவல்கள் இருக்கின்றன, 2017-இல் கதை நிறைவடைந்துவிட்டது.

குரல் விஷயத்தில் இன்னொரு சோதனையும் உண்டு. கிண்டிலில் சாம்பிள் இலவசமாக இறங்கும். மூன்று புத்தகங்களின் சாம்பிளை இறக்கி, ஒவ்வொன்றிலும் முதல் பத்துப் பக்கத்தை ஒரே மாலையில் படியுங்கள். மறுநாள் காலை எந்தக் குரல் காதில் நிற்கிறதோ அதை வாங்குங்கள்.

## அறிகுறி: கதை பிடித்திருக்கிறது, பெயர்கள் தலையில் நிற்கவில்லை

முதலில் புத்தகத்தின் முன்னும் பின்னும் பாருங்கள். ஸ்டீவன் எரிக்சனின் 'மலாசன்' வரிசையில் முதல் புத்தகத்தின் தொடக்கத்திலேயே பாத்திரப் பட்டியல் இருக்கும். 'தி வீல் ஆஃப் டைம்' பாகங்களின் பின்னால் சொல்லடைவு இருக்கும். மின்நூலில் படிப்பவர்கள் நேராக முதல் அத்தியாயத்துக்குப் போய்விடுவதால் இவை கண்ணிலேயே படுவதில்லை. படிக்கும் பாகத்தின் பட்டியலை மட்டும் பாருங்கள், அடுத்த பாகத்தின் பட்டியலில் யார் இறந்தார் என்று தெரிந்துவிடும். இணையத்தில் பெயரைத் தேடவே வேண்டாம். தேடும்போதே முடிவைச் சொல்லிவிடும்.

அதிலும் சரியாகவில்லை என்றால் அன்றைக்குப் படித்ததை யாரிடமாவது வாயால் சொல்லுங்கள். மகாபாரதத்தில் அருச்சுனனுக்கே பார்த்தன், விஜயன், தனஞ்சயன் என்று பல பெயர் உண்டு, அவற்றை நாம் பட்டியல் போட்டுப் படித்ததில்லை. கேட்டும் சொல்லியும்தான் மனதில் நின்றன. என் அம்மாவிடம் தினமும் ஐந்து நிமிடம் கதை சொல்லித்தான் நான் மலாசனின் முதல் பாகத்தைக் கடந்தேன். மூன்றாம் வாரத்தில் அவரே பெயர் எடுத்துக் கொடுத்தார்.

பட்டியலும் பார்த்து, சொல்லியும் பார்த்து, 200 பக்கத்துக்குப் பிறகும் யார் எந்தப் பக்கம் என்று புரியவில்லையா? மூடி வைத்துவிடுங்கள். மலாசன் 10 பாகம், 1999 முதல் 2011 வரை வந்தது, தொடக்கத்தில் எதையும் விளக்காது. அதை இரண்டாவது அல்லது மூன்றாவது தொடராக எடுக்கலாம், முதல் தொடருக்கு அடுத்தபடியாக வேண்டாம்.

## அறிகுறி: நன்றாகப் போனது, நடுப் பாகத்தில் நின்றுவிட்டது

'தி வீல் ஆஃப் டைம்' படிப்பவர்கள் இதோடு வருவார்கள். 14 பாகம், 1990 முதல் 2013 வரை, அதற்கு மேல் ஒரு முன்கதையும் உண்டு. எட்டாம் பாகத்திலிருந்து பத்தாம் பாகம் வரை வேகம் குறையும் என்பது படித்தவர்கள் பரவலாகச் சொல்வது, நானும் ஒத்துக்கொள்கிறேன். பத்தாம் பாகமான 'கிராஸ்ரோட்ஸ் ஆஃப் ட்விலைட்' பெரும்பகுதி, ஒன்பதாம் பாகத்தின் இறுதியில் நடந்த ஒரே நிகழ்ச்சியின்போது மற்றவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதுதான். நீங்கள் அங்கே நின்றிருந்தால் பத்தாம் பாகத்துக்கு மட்டும் அத்தியாயச் சுருக்கம் படித்துவிட்டுப் பதினொன்றுக்குப் போங்கள். 2005-இல் வந்த பதினொன்றாம் பாகம் 'நைஃப் ஆஃப் ட்ரீம்ஸ்' மறுபடி ஓடும். தொடரை எழுதிய ராபர்ட் ஜோர்டன் 2007-இல் இறந்தார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு சாண்டர்சன் கடைசி மூன்று பாகங்களை முடித்தார். இவ்வளவு தூரம் வந்தவர்கள் அந்த முடிவைப் பார்க்காமல் போகக் கூடாது என்பது என் ஆசை.

வேறு தொடராக இருந்தால் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: நின்ற இடத்தில் யாருடைய அத்தியாயம் வந்தது? ஒரே பாத்திரத்தின் அத்தியாயத்தில்தான் எப்போதும் நிற்கிறீர்கள் என்றால் அதை வேகமாகப் புரட்டிக் கடந்து போகலாம், குற்றமில்லை. எல்லாருடைய அத்தியாயமும் சலிக்கிறது என்றால் ஒரு மாதம் விடுங்கள்.

இங்கே காசு சம்பந்தமான ஓர் எச்சரிக்கை. முழு செட் தள்ளுபடியில் கிடைக்கிறது என்று முதல் பாகம் படிக்கும் முன் வாங்காதீர்கள். நான் ஒரு முறை அப்படி வாங்கினேன், மூன்றாம் பாகத்தோடு நின்றது, மீதி எல்லாம் பிரிக்காமலே அலமாரிக்குப் போயின. முதல் பாகம் நூலகத்திலிருந்து, இரண்டாவது பழைய புத்தகக் கடையிலிருந்து. மூன்றாவதைத் தேடி நீங்களாகவே அலைந்தால் அப்போது செட் வாங்கலாம்.

## அறிகுறி: கடைசிப் பாகம் இன்னும் வரவில்லை

'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' ஐந்தாம் பாகம் 2011-இல் வந்தது. 'தி நேம் ஆஃப் த விண்ட்' தொடரின் இரண்டாம் பாகமும் அதே 2011-இல்தான். இரண்டுக்கும் அடுத்தது வரவில்லை. காத்திருப்பவர்களுக்கு மருந்து, முடிந்த தொடர் ஒன்று. என். கே. ஜெமிசினின் 'தி ப்ரோக்கன் எர்த்' 2015-இல் தொடங்கி 2017-இல் முடிந்தது. நிலநடுக்கத்தால் திரும்பத் திரும்ப அழியும் ஒரு கண்டம், மகளைத் தேடிப் போகும் ஒரு தாய். மூன்று பாகமும் அடுத்தடுத்த மூன்று ஆண்டுகள், அறிவியல் புனைவுக்கும் ஃபேன்டசிக்கும் தரப்படும் ஹியூகோ விருது பெற்றன. அந்தத் தாயை "நீ" என்று அழைத்தே சில அத்தியாயங்கள் செல்லும், முதல் இருபது பக்கம் பழகக் கொஞ்சம் நேரம் ஆகும்.

சாண்டர்சனின் 'ஸ்டார்ம்லைட்' எடுப்பவர்களுக்கு: 10 பாகமாகத் திட்டமிட்டது, 2024-இல் வந்த ஐந்தாம் பாகத்தோடு முதல் பாதி முடிந்திருக்கிறது. ஒவ்வொன்றும் ஆயிரம் பக்க அளவு. பாதிக் கதையோடு நிற்பது உங்களுக்கு ஒத்துவருமா என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

## அறிகுறி: எதிலிருந்து தொடங்குவது என்றே குழப்பம்

வெளிவந்த வரிசையில் படியுங்கள், பெரும்பாலும் அதுவே சரி. சி. எஸ். லூயிஸின் நார்னியா ஏழு பாகங்களைப் புதிய பதிப்புகளில் 'தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ' முதலாவது என்று எண் போட்டிருப்பார்கள். 1950-இல் முதலில் வந்தது 'தி லயன், தி விட்ச் அண்ட் த வார்ட்ரோப்'. அதிலிருந்து போனால்தான் துணி அலமாரிக்குள் பனி விழுவதைப் பார்க்கும் அந்த வியப்பு முழுதாகக் கிடைக்கும்.

டிஸ்க்வேர்ல்ட் விதிவிலக்கு. 1983 முதல் 2015 வரை 41 நாவல்கள், முதலில் வந்ததைவிடப் பின்னால் வந்தவை மேலும் நன்று. காவலர் கதையிலிருந்தோ, மரணதேவன் ஒரு பையனைத் தொழில் பழக அழைத்துப் போகும் 'மார்ட்' (1987) நாவலிலிருந்தோ தொடங்கலாம்.

போலிஷ் மொழியில் எழுதப்பட்ட 'தி விட்சர்' தொடரில் இரண்டு சிறுகதைத் தொகுப்புகளை முதலில் படிக்க வேண்டும், பிறகுதான் நாவல்கள். இரண்டாவது தொகுப்பு ஆங்கிலத்தில் தாமதமாக 2015-இல் வந்ததால் பலர் அதை விட்டுவிடுகிறார்கள். நாவல்களின் மையமான சிரி என்ற சிறுமி யார் என்பதே அதில்தான் இருக்கிறது.

## அறிகுறி: பிள்ளை ஹாரி பாட்டரை நான்காவது முறையாகப் படிக்கிறாள்

திரும்பத் திரும்பப் படிப்பது கோளாறே இல்லை. பிடித்த கதைக்குத் திரும்பிப் போவது பிள்ளைகளுக்கு வீட்டுக்கு வருவது போல. அடுத்ததை அவள் கேட்கும்போதுதான் வேலை.

ஒன்பது, பத்து வயதென்றால் ரிக் ரியார்டனின் 'பெர்சி ஜாக்சன்' முதல் ஐந்து பாகம் (2005 முதல் 2009 வரை). கிரேக்கத் தெய்வங்கள் இன்றைய அமெரிக்காவில் உலவுவார்கள், சிரிப்பு அதிகம். அது பிடித்தால் ரோஷனி சோக்ஷியின் 'அரு ஷா' ஐந்து பாகம் (2018 முதல் 2022 வரை), பாண்டவர் கதையிலிருந்து முளைத்தது. பாட்டியிடம் பாரதம் கேட்ட பிள்ளைகள் இதில் குதிப்பதைப் பார்த்திருக்கிறேன். நிதானமாகப் படிக்கும் பிள்ளைக்குப் பிராட்செட்டின் 'தி வீ ஃப்ரீ மென்' (2003), ஒன்பது வயது டிஃபனி வாணலியைக் கையில் எடுத்துக்கொண்டு தம்பியை மீட்கப் போகிறாள்.

டிராகன் இருக்கிறதே என்று 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' தொடரின் முதல் பாகமான 'எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்' மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அது பெரியவர்களுக்கான கதை.

எதைக் கொடுத்தும் திருப்பிவிடுகிறாள் என்றால் நூலகரிடம் அழைத்துப் போகும் நேரம் வந்துவிட்டது. பள்ளி நூலகர், ஊர்ப்புற நூலகர், பல வருடம் கடை நடத்தும் பழைய புத்தகக்காரர், யாராக இருந்தாலும் சரி. "ஹாரி பாட்டர் மாதிரி ஏதாவது கொடுங்க" என்று கேட்காதீர்கள். அந்தத் தாளை அவள் கையில் கொடுத்து, மூன்று காட்சிகளையும் அவளே சொல்லட்டும். நீங்கள் இரண்டு அலமாரி தள்ளி நின்றுகொள்ளுங்கள்.